பாரசீக இளவரசன்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்து வரும் என் தம்பி மகன், சிறுவயது முதல் விரும்பி ஆடுவது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் கணினி விளையாட்டு. அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர், தம் தம்பி ஓடித் தாவுவதைப் படம்பிடித்து, அவ்வசைவுகளையே இளவரசனுக்கு அளித்து 1989-இல் வெளியிட்டது அது. 2003-இல் வந்த பாகத்தில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கத்தி அவன் கைக்கு வந்தது. 2024-இல் வந்த பாகத்தில் உரையாடலைப் பாரசீக மொழியிலேயே கேட்கவும் வழி பிறந்தது.

“இனி என்ன வேண்டும்?” என்று வினவினேன்.

“பெரியத்தா, எத்தனையோ விளையாட்டுகளில் நம்மவர் பெயர் தாங்கியோர் சுடப்படுவதற்கென்றே வருகிறார்கள். இதில் கீழ்த்திசையானே நாயகன். அது மட்டும் மாறக்கூடாது” என்றான்.

சாயத்தைப் புதிதாக ஏற்றலாம். நூல் அதுவாகவே இருத்தல் வேண்டும். பழைய அன்பர்களின் விருப்பம் இவ்வளவே.