எண்ணப்படாத காய்ச்சல்



சளியும் காய்ச்சலும் கண்டால் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்து, இரண்டு நாள் போர்த்துப் படுத்துக்கொள்வதே நம் இல்லங்களின் வழக்கம். அதைக் குறித்து வைப்பாரும் இல்லை, கணக்கெடுப்பாரும் இல்லை. அந்தக் கணக்கெடுப்பையே தன் வாழ்க்கைப் பணியாக ஏற்றுக்கொண்டாள் என் தம்பி மகள்.

மூன்று தலைமுறையாகக் காலடிப்பேட்டையில் வாழும் குடும்பம் எங்களுடையது. துறைமுக வேலையே எங்களுக்குச் சோறிட்டது. இக்குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண் மருத்துவம் பயின்று தேறியபோது, வாசலில் அவளது பெயர்ப் பலகை தொங்கும் என்று தம்பி கனவு கண்டான். அவளோ, நோய்கள் மக்களிடையே பரவும் முறையை ஆராயும் துறையைத் தேர்ந்தெடுத்தாள். அதிலும் இன்ஃப்ளூயன்சா முதலிய மூச்சுவழிக் காய்ச்சல்களையே எடுத்துக்கொண்டாள். "நாடி பிடித்துப் பார்க்காத வைத்தியம் என்ன வைத்தியம்? நீயாவது அவளுக்குச் சொல்லக்கூடாதா, அக்கா?" என்று தம்பி என்னிடம் முறையிட்டான்.

நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவனுக்கே 1957-ஆம் ஆண்டை நினைவூட்டினேன். அவ்வாண்டு மே மாதம், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலொன்றின் வழியாக 'ஆசியக் காய்ச்சல்' சென்னையை அடைந்தது. இந்தியாவினுள் அது நுழைந்த வாசல் நமக்குச் சோறிட்ட அதே துறைமுகம்தான். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அந்நாளில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன், அந்நோய் நாடெங்கும் பரவிய வரலாற்றைத் தொகுத்து, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை பதிவான நோயாளிகள் 44,51,785 பேர்; இறந்தோர் 1,098 பேர்.

எங்கள் பாட்டியார் அவ்வாண்டு சூன் மாதத்தில், ஊரெங்கும் காய்ச்சல் பரவியிருந்த வேளையில், மூன்றே நாளில் வீட்டிலேயே உயிர் நீத்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மருத்துவர் எவரும் பார்க்கவில்லை. எந்த ஏட்டிலும் எவரும் எழுதவில்லை. ஆகவே, அந்த 1,098 பேரில் பாட்டியார் இல்லை. இதை நான் சொன்னபோது தம்பி நெடுநேரம் பேசவில்லை. நாடி பிடிக்கப்படாமலும், பெயர் எழுதப்படாமலும் போனவர்களைத் தேடுவதே தன் மகளின் வைத்தியம் என்பது அன்று அவனுக்கு விளங்கியது.

இதனால் ஆகும் பயன் யாது? இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஓயாது உருமாறும் இயல்புடையது. ஆதலால், பல நாடுகளில் நோயாளிகளின் மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கப்படும் மாதிரிகளை ஆராய்ந்து, தடுப்பூசியில் எவ்வகை வைரஸ்கள் இடம்பெறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. மேலும், நம் நாடு முழுவதற்கும் காய்ச்சற் காலம் ஒன்றன்று. ஸ்ரீநகரில் சனவரி முதல் மார்ச் வரையிலும், டில்லி, புனே போன்ற நகரங்களில் சூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. "மழை வரும் மாதம் தெரிந்தால்தானே, அத்தை, கூரையை முன்னதாக வேயலாம்?" என்பாள் எங்கள் பெண்.

2020-இல் கொரோனாக் காலத்தில் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வந்தவர்களுக்கு அஞ்சி, 'எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை' என்று கதவைச் சாத்தியவர்கள் பலர். அச்சம் இயற்கையே. ஆயினும், மறைக்கப்பட்ட காய்ச்சல் நம் வீட்டோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டு முதியவரையும் கைக்குழந்தையையும் தேடிச் செல்லும்.

ஆகவே, பெற்றோர்களே, இனி ஏடும் எழுதுகோலுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றால், உள்ளதை உள்ளபடி கூறுங்கள். முதியோர், கருவுற்ற தாய்மார், நீரிழிவு, ஆஸ்துமா உடையோர் ஆகியோருக்கு, மழைக்காலம் தொடங்குமுன் தடுப்பூசி போடுவதுபற்றி மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். நம் வீட்டுக் காய்ச்சலும் கணக்கில் ஏறட்டும். அக்கணக்கு பிறர் வீட்டு உயிரைக் காக்கும்.