தண்ணீர்கூட இறங்காத நாட்கள்

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியாகச் சமையலறையில் தனியாகச் சாப்பிடுவது அந்த அம்மாவின் வழக்கம். அதனாலேயே அவருக்குச் சாப்பாடு இறங்காதது இரண்டு வருடங்களாக யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் தண்ணீர் குடிப்பார். அப்படியும் நெஞ்சில் அடைத்து நிற்கும். எழுந்து நின்றால் மெல்ல இறங்கும். விருந்துக்கு அழைத்தால் 'விரதம்' என்பார். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது தலையணைக்கே வந்துவிடும். கேஸ் என்று மாத்திரை விழுங்கினார். 'மனசுல எதையோ வெச்சு மறுகுறா' என்றார்கள் உறவினர்கள். உடம்பு பாதியாகிவிட்டது.

ஒருநாள் மருமகள் கவனித்துவிட்டாள். "அத்தை, சோறு அடைச்சா சரி. தண்ணிகூடவா அடைக்கும்?"

சரியான கேள்வி. உணவுக்குழாயில் கட்டி இருந்தால், பெரும்பாலும் முதலில் கெட்டி உணவுதான் சிக்கும். ஆரம்பத்திலேயே தண்ணீரும் சிக்கினால், குழாயின் இயக்கத்திலேயே கோளாறு இருக்கலாம்.

எண்டோஸ்கோப்பியில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், உணவுக்குழாய் மேலே அகன்று, கீழே பறவையின் அலகுபோலக் குறுகியிருந்தது. குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி பரிசோதனை அதை உறுதிசெய்தது. நோயின் பெயர் 'அக்கலேசியா'. நரம்பு செல்கள் அழிந்துபோவதால், இரைப்பையின் வாசலில் இருக்கும் தசை விழுங்கும்போது திறப்பதில்லை.

"தொண்டையை அறுப்பீங்களா டாக்டர்?" என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார்.

தொண்டையில் கத்தியே படவில்லை. வயிற்றில் ஐந்து சிறு துளைகள். இறுகிய தசையை மட்டும் நீளவாக்கில் கீறி, உள்சவ்வைத் தொடாமல் விட்டார்கள். அமிலம் மேலேறாமலிருக்க, இரைப்பையின் மேல்பகுதியைக் கொஞ்சம் மடித்துத் தைத்தார்கள்.

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-ல் செய்த அறுவை சிகிச்சையின் வழிதான் இது. அன்று உடலைப் பெரிதாகக் கீற வேண்டியிருந்தது. 1990-களில் லேப்ராஸ்கோப்பி வந்ததும் துளைகளே போதும் என்றானது. 2008-ல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பை அனுப்பித் தசையைக் கீறினார். 'போயம்' எனப்படும் அந்த முறையில் வெளியே தழும்பே இல்லை. ஆனால், பிறகு நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு அதில் கூடுதல்.

அழிந்த நரம்பு திரும்பாது. வாசல்தான் திறந்திருக்கிறது. அதனால் அந்த அம்மா இப்போதும் நன்றாக மென்று, நிதானமாகத்தான் சாப்பிடுகிறார். சாப்பிட்ட உடனே படுப்பதில்லை.

விழுங்கச் சிரமம் என்றால், எந்த வயதிலும் 'கேஸ்' என்று தள்ளிப்போடாதீர்கள். குடல், இரைப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லக் கூச்சப்படுபவர்களாக இருந்தால், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.