ஜூ டவுனின் கதைசொல்லி

ரூபி டேனியல் 1912-இல் கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்தத் தெருக் குழந்தைகளுக்குச் சரித்திரக் கதை புத்தகத்திலிருந்து வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வந்தது. கொடுங்ஙல்லூரை விட்டு வந்த முன்னோர், அடைக்கலம் தந்த கொச்சி ராஜா, ஞானி நெகேமியா மோத்தா செய்த அற்புதங்கள் என்று அந்தக் கதைகளுக்கு முடிவே இல்லை. மோத்தா இறந்தது 1615-இல். மட்டாஞ்சேரியில் வீடுகளுக்கு நடுவே அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. யூதர் மட்டுமின்றி இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொள்வதுண்டு. கேட்ட கதைக்குச் சாட்சி நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தால் குழந்தை எப்படி மறக்கும்?

எர்ணாகுளம் செயின்ட் தெரசாஸில் படித்து அரசு வேலைக்குப் போனார் ரூபி. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த முதல் மலையாளிப் பெண் அவர்தான் என்பார்கள். ஆனால், 1568-இல் எழுந்த ஜூ டவுனின் பரதேசி ஜெப ஆலயத்தில் அவருடைய குடும்பத்துக்குச் சம உரிமை இல்லை. அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தி, அவர்களை வெளிமண்டபத்தில் உட்காரவைத்தார்கள். அநியாயமான வழக்கம் அது. அதை எதிர்த்து வழக்கறிஞர் ஏ.பி.சேலம் சத்தியாக்கிரகம் செய்தார்.

1951-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, நெயோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில்), ஐரோப்பிய யூதர்கள் நடுவே வாழ்ந்தார். மலையாளம் பேச ஆளில்லாத அந்த இடத்தில் ஊர்க்கதைகள் அவரோடு மறைந்துபோயிருக்க வேண்டியவை. மறையவில்லை. கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மலையாளப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, ஊர் வந்த கதை எல்லாம் அவற்றில் உண்டு. ஆண்கள் எபிரேயத்தில் ஜெபித்தார்கள். சமூகத்தின் கதையைத் தாய்மொழியில் காப்பாற்றியவர்கள் பெண்களே.

மானிடவியல் அறிஞர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து ரூபி எழுதிய ‘ரூபி ஆஃப் கொச்சின்’ 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 82. வாழ்க்கைக் கதையும் கேட்ட கதைகளும் அதில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 2002-இல் அவர் காலமானார்.

கொச்சியின் சரித்திரத்தைச் சிறுவர் கதையாக எழுத நினைக்கும் எவரும் அரண்மனையிலிருந்து தொடங்க வேண்டாம். இந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும்.