புதூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, சைக்கிளில்!

திருச்சி ஜங்ஷனுக்குத் தெற்கே, மதுரை ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் எடமலைப்பட்டி புதூர். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் மாதிரி ஊர் பார்க்க வருகிறவர்கள் இறங்குகிற இடம் இல்லை. ரயில்வே ஆட்கள், மில் ஆட்கள், கடை வைத்திருப்பவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்று சாதாரண ஜனங்கள் இருக்கும் பேட்டை. ஒரு நாள் சாயங்காலம் சும்மா எங்கள் தெருவில் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தேன். முப்பது வீட்டில் பதினோரு சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. பெரும்பாலும் அரசாங்கம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள்கள். பிள்ளை காலேஜ் பஸ்ஸில் ஏறியதும் வண்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. அதன்மேல் கால்மிதி காய்கிறது!

எதிர்வீட்டுப் பெண் அப்படி நின்ற தன் நாத்தனார் மகளின் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் வந்தாள். "அக்கா, எனக்கு ஓட்டக் கத்துக் கொடுங்க. பாப்பா ஸ்கூலுக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு பால் காசை விட ஜாஸ்தியாப் போகுது" என்றாள். பின்னாலேயே அவள் மாமியார் வந்தார். "தெருவுல ஓட்டட்டும், நான் வேண்டாங்கல. மெயின் ரோட்டுல பஸ்ஸு வர்ற வேகத்துக்கு இவ விழுந்தா பிள்ளையை யாரு பாக்குறது?"

மாமியார் கேட்டதில் தப்பே இல்லை. 2025-ல் பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் வந்த பிறகு எங்கள் பக்கம் பஸ் நடமாட்டம் இன்னும் கூடிவிட்டது. அதனால் நான் அந்த அம்மாவிடம், "பேலன்ஸ் ஒரு வாரம், ரோடு ஒரு மாசம். நீங்க சரின்னு சொன்னப்புறம்தான் பாப்பாவைக் கேரியர்ல ஏத்துவா" என்று சொல்லி வைத்தேன்.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி, கீரனூர்ப் பக்கம். இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அதையும் பாடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலிலேயே மிதிக்காத பெண்கள், கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்து போய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்களாம். நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. என் அம்மாவும் ஜென்ட்ஸ் வண்டியில்தான் கற்றுக்கொண்டாள். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்குக் கால் எட்டும். எனக்கு எட்டாது, நான் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல்!

ஆனால் எங்கள் ஊர் ரோட்டில் எதிரே வந்தது ஆடும் மாடும்தான். கல்யாணமாகிப் புதூருக்கு வந்த பிறகுதான், ஓட்டத் தெரிவது வேறு, டவுனில் ஓட்டத் தெரிவது வேறு என்று புரிந்தது. மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர், தினமும் சைக்கிளில் போய் வந்தவர். அவர்தான் எனக்கு ரோட்டைக் கற்றுக் கொடுத்தார். அதைத்தான் இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னேன்.

காலை ஐந்தரை மணிக்கு, கோலம் போடுகிற நேரம். முதலில் சீட்டை நன்றாக இறக்கினோம், இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிகிற மாதிரி. பெடலைத் தொடாமல், காலால் தரையை உந்தி உந்தித் தெருக் கோடி வரை போகச் சொன்னேன். யாரும் பின்னால் பிடிக்க வேண்டாம். மூன்றாம் நாள் காலைத் தூக்கிக்கொண்டு மிதந்து போனாள். நாலாம் நாள் பெடல். அப்புறம் சீட்டை மேலே ஏற்றினோம். பெடல் கீழே போகும்போது முழங்கால் கொஞ்சமாக மட்டும் மடங்க வேண்டும். சீட் தாழ்ந்தே இருந்தால் நாற்பது வயதுக்காரிகளுக்கு முழங்கால் வலி வந்து, பழி சைக்கிள்மேல் விழும்.

உடுப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. புடவையானால் கொசுவத்துக்கு ஒரு ஊக்கு, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிடுங்கள். சுடிதாரானால் துப்பட்டாவைக் குறுக்காக முடிச்சுப் போடுங்கள். தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 1894-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஆனி லண்டன்டெரி என்ற பெயரில் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பிய பெண் (மூன்று குழந்தைகளின் தாயார்!) நீளப் பாவாடையோடு புறப்பட்டு, பாதி வழியில் உடுப்பை மாற்றிக்கொண்டார். கடல் வருகிற இடத்தில் கப்பல் ஏறினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து ரோட்டுப் பாடம். இதில் முக்கியம், வண்டி ஆடாமல் வலது தோள்பட்டைக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பது. நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். அவள் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொல்ல வேண்டும். "மூணு... அய்யய்யோ!" என்று இரண்டு தடவை வேப்பமரத்துக்குப் போனாள். பத்து நாளில் சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதன் பிறகுதான் ஒரு கையை விட்டு ஓட்டுவதும், திரும்புமுன் கை காட்டுவதும். பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் ஆள் ஹேண்டில் பாருக்கு மேலே பறந்துவிடுவாள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று உங்கள் வண்டியில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்தவர்கள் எல்லாரும் ரோட்டின் இடது ஓரத்து மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு போவார்கள். மண்ணில் சக்கரம் வழுக்கும், நிற்கிற காரின் கதவு திடீரென்று திறக்கும், பின்னால் வருகிறவன் 'இடம் இருக்கிறதே' என்று உரசிக்கொண்டு போவான். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில், வளையாமல் போனால் பின்னால் வருகிறவனுக்கு நம்மைத் தெரியும். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒருபோதும் நுழையக் கூடாது. சிக்னலில் லாரிக்கு இடது பக்கமும் நிற்கக் கூடாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், டிரைவருக்கு நாம் தெரியவே மாட்டோம். மாமனார் இதைத் தீப்பெட்டியை லாரியாகவும் உப்புக்கல்லை சைக்கிளாகவும் வைத்துக் காட்டுவார்.

பெரிய ரவுண்டானா வந்தால் இறங்கித் தள்ளுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ராத்திரியில் போவதானால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

குழந்தையை ஏற்றுவது பற்றி இளம் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரியரில் வெறுமனே உட்கார வைத்தால் கால் தொங்கி, குதிகால் போக்ஸ் கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும். தோல் உரிந்து, சில சமயம் எலும்பும் முறிந்து, ஆற வாரக் கணக்காகும். கால் வைக்க இடமும் பெல்ட்டும் உள்ள குழந்தை சீட்டை மாட்டி, சக்கரத்தின் இரண்டு பக்கமும் கம்பிவலை அடைத்த பிறகுதான் எங்கள் பாப்பா ஏறினாள். சின்னத் தலைக்கவசமும் வாங்கினோம். சாலையைப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும், சீட் பெல்ட்டைத் தினம் இழுத்துப் பார்ப்பதும் மாமியார்தான்.

ஒரு மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போவது என்று முடிவு செய்தோம். நான், எதிர்வீட்டுப் பெண், அவள் பார்த்துக் கற்றுக்கொண்ட இன்னும் இரண்டு பேர். ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். விடியுமுன்னே கிராப்பட்டி தாண்டி, அரிஸ்டோ ரவுண்டானாப் பக்கம் மட்டும் இறங்கித் தள்ளினோம். கன்டோன்மென்ட்டில் மர நிழலும் காலி ரோடும் ராஜபாட்டை மாதிரி இருந்தது. புத்தூர் நால்ரோட்டில் பூ வண்டிகளும் மீன் வண்டிகளும் குறுக்கே வந்ததால் பெல் அடித்துக்கொண்டே ஊர்ந்தோம். தில்லைநகரில் ஒரு டீ.

1976-ல் திறந்த காவிரிப் பாலத்துக்குத்தான் நான் பயந்தேன். அங்கே ஆற்றுக்காற்று ஒரு பக்கமாகத் தள்ளும், பாலத்துண்டுகள் சேரும் இணைப்புகளில் வண்டி தூக்கிப் போடும். இணைப்பு வருமுன் வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்கச் சொன்னேன், சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுப் பெண் தோளுக்கு மேலே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வண்டி இம்மி அசையவில்லை. அவள் கோட்டிலேயே போனாள், பஸ்காரர்தான் விலகிப் போனார். வலது கைப்பக்கம் தண்ணீரில் விடிந்துகொண்டிருந்தது. பின்னால் மலைக்கோட்டை, முன்னால் 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம்.

அம்மா மண்டபத்தில் கால் அலம்பி, தரிசனம் முடித்தோம். சித்திரை வீதிகள் அகலமானவை, சமதரை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் திருச்சியில் இல்லை. ஸ்ரீரங்கத்துச் சகோதரிகள் கொடுத்து வைத்தவர்கள்! தேர்த் திருவிழாவும் வைகுண்ட ஏகாதசியும் வருகிற நாட்களை மட்டும் விட்டுவிட வேண்டும்.

வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டுமே என்று நான் அவசரப்படுத்தினால், வடக்கு வாசல் பக்கம் கத்தரிக்காய் பேரம் பேசிக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தார்கள் மூன்று பேரும். "இங்கேருந்து கல்லணை எவ்வளவு தூரங்க்கா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.