ஆளும் சீட்டும்

"இன்ன ஆட்டக்காரர் இத்தனை கோடிக்கு விலை போனார்" என்று பத்திரிகையில் ஒரு வரி வருகிறது. படிக்கிறவர்களில் பாதிப்பேர் "அடேயப்பா!" என்கிறார்கள். மீதிப்பேர், "பந்தை உதைக்கிறதற்கா இவ்வளவு பணம்?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியாருக்கும் ஒற்றுமை உண்டு. அந்தப் பணம் முழுவதும் ஆட்டக்காரரின் பையில் விழுந்ததாகவே இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கிற பணம்.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. கால்பந்து உலகத்துப் பேரமும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. ஆனால் அங்கே கைமாறியது ஆள் அல்ல, ஒரு சீட்டு. இன்ன ஆட்டக்காரர் இன்ன கிளப்புக்காக ஆடலாம் என்கிற பதிவுச் சீட்டு. அதை வைத்திருக்கிற கிளப் விட்டாலொழிய அவர் வேறு இடத்தில் பந்தைத் தொட முடியாது.

1893-ல் இங்கிலாந்தின் லீக் இதை ஒரு விதியாகவே ஆக்கியது. ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம் முடிந்துபோகும். பதிவு மட்டும் முடியாது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தவரைச் சம்பளம் கொடுக்காமலே கிளப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 1901-ல் இன்னொரு விதி வந்தது. யாராயிருந்தாலும் வாரச் சம்பளம் 4 பவுண்டுக்கு மேல் கூடாது என்றார்கள். நான்கே வருஷத்தில், 1905-ல், ஆல்ஃப் காமன் என்பவரைச் சண்டர்லாண்டு கிளப்பிலிருந்து மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டு கொடுத்து அழைத்துக்கொண்டது. ஊரே மூக்கில் விரலை வைத்தது. அந்தச் சட்டப்படியான உச்சச் சம்பளத்தில் அவ்வளவு பணத்தைச் சம்பாதிக்க ஒரு மனிதர் 250 வாரம் ஆடியாக வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்குப் பந்தைவிட ஆளிடம்தான் அக்கறை. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த ஆள் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1960-ல் நியூகாஸில் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தம் வேண்டாம், போக விடுங்கள் என்றார். விட மாட்டோம் என்றார்கள். மனிதர் கெஞ்சவில்லை, கோபித்துக்கொண்டு கத்தவுமில்லை. தெற்கே சர்ரே பக்கம் போய், தெரிந்தவர் ஒருவரின் கம்பெனியில் தக்கை வியாபாரத்தில் சேர்ந்துவிட்டார்! நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் மாதக்கணக்கில் தக்கை விற்றார். கடைசியில் கிளப் இறங்கி வந்து, அந்த வருஷக் கடைசியில் 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு அனுப்பியது. அப்போது வாரச் சம்பளத்தின் உச்சவரம்பு 20 பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 வருஷச் சம்பளத்துக்கும் மேல்.

கேட்ட இடம் கிடைத்துவிட்டது. வேறொருவராயிருந்தால் சிவனே என்று ஆடப் போயிருப்பார். ஈஸ்ட்ஹாமோ ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத் துணையோடு கோர்ட்டுக்குப் போனார். இதற்கிடையில், 1961 ஜனவரியில், சங்கத்தின் வேலைநிறுத்த மிரட்டலுக்கு அஞ்சிச் சம்பள உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார். ஒரு மனிதன் தன் தொழிலைச் செய்வதை இப்படி மறிப்பது நியாயமற்ற தடை என்பது அதன் சாரம்.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பணம் கேட்கிற வழக்கம் ஐரோப்பா முழுவதும் நீடித்தது. 1990-ல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப், ழான் மார்க் போஸ்மான் என்பவருக்குப் பழைய சம்பளத்தில் கால்பங்குதான் தருவதாகச் சொன்னது. பிரான்ஸிலிருந்து டன்கர்க் கிளப் அவரை அழைத்தது. டன்கர்க்கால் பணம் கொடுக்க முடியுமோ என்று லியேஜுக்குச் சந்தேகம். ஆகவே சீட்டை அனுப்பச் சொல்லவில்லை. போஸ்மான் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் குடிமகன் ஒருவர் ஒப்பந்தம் முடிந்ததும் கூட்டமைப்புக்குள் வேறொரு நாட்டுக் கிளப்புக்குப் போனால் இனி யாரும் விலை கேட்கக் கூடாது. பின்னால் வந்தவர்கள் அந்தத் தீர்ப்பினால் கோடீசுவரர்களானார்கள். போஸ்மானுக்கு அப்போது 31 வயது. ஆட வேண்டிய காலம் கோர்ட்டு வராந்தாவிலேயே கழிந்துவிட்டது.

அப்படியானால் இன்றைக்கும் கோடி கோடியாகக் கைமாறுகிறதே, அது எதற்கு? முடியாத ஒப்பந்தத்துக்கு. நாலு வருஷம் பாக்கி வைத்திருக்கிற ஆளைக் கேட்டால், அந்த நாலு வருஷத்துக்கு நஷ்டஈடு. முதலில் இரு கிளப்புகளும் தொகை பேசுகின்றன, பெரும்பாலும் தவணைதான். ஆட்டக்காரருக்காக அவருடைய தரகர் சம்பளம் பேசுகிறார். டாக்டர்கள் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார்கள். நாடு விட்டு நாடு போவதானால், 2010 முதல், இரண்டு கிளப்புகளும் கம்ப்யூட்டரில் தனித்தனியே விவரம் பதிய வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குத் தொகையில் 5 சதவிகிதம் போகிறது. தெருப்பையனுக்குப் பந்து கொடுத்துப் பழக்கிய சின்னக் கிளப்புக்கும் பங்கு உண்டு என்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் கடைசியில் வர வேண்டியது அந்தச் சீட்டுதான். 2017 ஆகஸ்டில் நெய்மாருக்காகப் பார்ஸிலோனாவுக்கு 22 கோடியே 20 லட்சம் யூரோ போய்ச் சேர்ந்தது. உலகம் அதுவரை காணாத தொகை. பாரிஸ் மைதானத்தில் அவரை நிறுத்தி வைத்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். ஆனால் அன்றைய ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை. சீட்டு கெடுவுக்குள் வந்து சேரவில்லை! எட்டு நாள் கழித்து, அடுத்த ஆட்டத்தில்தான் ஆடினார்.

நெய்மாருக்கு எட்டு நாள் ஒரு பொருட்டல்ல. லசானா டியாராவுக்கு அப்படியில்லை. 2014-ல் மாஸ்கோ கிளப் ஒன்றோடு அவருக்கு ஒப்பந்தத் தகராறு வந்தது. மறுவருஷம் பெல்ஜியத்தின் ஷார்லெருவா அவரை அழைத்தது. பழைய தகராறின் தண்டத்தொகை தன் தலையில் விழாது, சீட்டும் ஒழுங்காக வரும் என்று அது உறுதி கேட்டது. உறுதி கிடைக்கவில்லை, வேலை கைநழுவிற்று. அந்த விதிகள் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று 2024 அக்டோபரில்தான் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் டியாரா ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

பெரிய ஆளுக்குச் சீட்டு தானே தேடி வருகிறது. சின்ன ஆள்தான் சீட்டைத் தேடி அலைகிறான். அடுத்த தடவை கோடிக் கணக்கில் ஒரு தலைப்பைப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். விலை அதற்குத்தான்.