கன்றின் எடையும் பிறந்த மாதமும்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம் பெண்கள் அன்றாடம் சொல்லும் பழமொழி. மாட்டைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மைதான் உண்டு. தாய் தந்தது பாதி. தீனியும் பருவமும் தந்தது மீதி.

காவிரிப் படுகையின் சொந்த மாடு உம்பளாச்சேரி. தலைஞாயிறு வட்டாரத்திலுள்ள ஊரின் பெயரே இனத்தின் பெயராயிற்று. காங்கேயம் மாடுகளோடு உள்ளூர் மாடுகளைக் கலந்து உருவான இனம் என்பர். குட்டையான, கட்டுக்கோப்பான உடல். முழங்கால் ஆழச் சேற்றிலும் சளைக்காத உழைப்பு. கன்று செவலையாகவோ பழுப்பாகவோ பிறக்கும். நெற்றியிலும் கால்களிலும் வால் நுனியிலும் வெள்ளை தெரியும். ஆறேழு மாதங்களில் மேனி சாம்பல் நிறமாக மாறும். இது பிறவிக் குணம். எந்தத் தீனியாலும் இதை மாற்ற இயலாது.

எடை அவ்வாறன்று. பிறக்கும்போது இவ்வினக் கன்று சராசரியாக 20 கிலோவைக்கூடத் தொடுவதில்லை. அதன்பின் வளர்வது தாயின் பாலையும் மேய்ச்சலையும் பொறுத்தது. சம்பா வயலில் நிற்கும்போது மாட்டுக்கு மேய இடமில்லை, வைக்கோலே கதி. தை அறுவடைக்குப் பின் தாளடியும் வரப்புப் புல்லும் கிடைக்கும். சித்திரை வெயிலில் அதுவும் கருகிவிடும்.

எங்கள் தொழுவத்தில் ஒரு சித்திரையில் பிறந்த காளைக்கன்று எலும்பும் தோலுமாக நின்றது. “இது சோடை, தள்ளிவிடுங்கள்” என்றார் தரகர். அத்தா இணங்கவில்லை. “இதன் தாய் மூன்று ஈற்றிலும் நல்ல கன்று போட்டவள். கோடை செய்த குற்றத்தைக் கன்றின் மேல் சுமத்தலாமா?” என்றார். மழைக்காலப் பச்சைத் தீனி கண்டதும் கன்று தேறியது. பின்னாளில் எங்கள் தெருப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளை.

அத்தா கண்ணளவில் செய்ததையே ஆராய்ச்சியாளர் கணக்காகச் செய்கின்றனர். திருவாரூர் மாவட்டம் கொருக்கையிலுள்ள அரசுக் கால்நடைப் பண்ணை இவ்வினத்தைப் பேணி வருகிறது. கன்று ஆணா பெண்ணா, எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில் பிறந்தது, தாய்க்கு எத்தனையாவது ஈற்று என்பவற்றைப் பதிந்து வைத்தால், அவற்றால் நேர்ந்த வேறுபாட்டை முதலில் கழித்துவிடலாம். எஞ்சியதில்தான் தந்தைக் காளையின் தகுதி தெரியும். தலையீற்றுக் கன்று பொதுவாகச் சற்று மெலிந்தே பிறக்கும். அதனை நாலாம் ஈற்றுக் கன்றோடு ஒப்பிடுவது நியாயமன்று.

இந்த நியாயம் இன்று முன்னைவிட அவசியமாகிறது. டிராக்டர் வந்தபின் உழவு மாட்டுக்கு வேலை குறைந்தது. பாலுக்காகக் கலப்பினம் பெருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கால்நடைகளை வாரிச் சென்றது. எஞ்சிய காளைகள் சிலவே. அவற்றிலும் நல்ல வித்தைப் பருவத்தின் பிழையால் கழித்துவிட்டால், மறுபடி எங்கிருந்து கொணர்வது?

மாடு வளர்க்கும் வீடுகளில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். கன்று பிறந்த மாதத்தையும் தாயின் ஈற்றையும் குறித்து வையுங்கள். முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற இந்த அமானிதத்தைக் காக்க, அந்த இரண்டு வரிகள் பெருந்துணையாகும்.