ஏர் அவிழ்க்கும் நேரம்

மாடு கட்டி உழுத காலத்தில் உழவரின் பொழுதை அளந்தது மாட்டின் களைப்பே. வெயில் ஏறி மாடு நுரை தள்ளத் தொடங்கினால் ஏரை அவிழ்த்தாக வேண்டும். டிராக்டருக்கு அவ்வழக்கம் இல்லை. டீசல் உள்ளவரை ஓடும். இருக்கையில் இருப்பவர் மட்டுமே அயர்கிறார்.

மேட்டூர் அணை திறந்ததும் டெல்டாவில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டியிருக்கிறது. வாடகை மணிக்கணக்கில் என்பதால் இரவிலும் விளக்கைப் போட்டு ஓட்டுகிறார்கள். அப்பருவத்தில் கடைசி வரிசையில் உறங்கிவிடும் மாணவர் ஒருவரை நாம் எழுப்புவதில்லை. (யாப்பிலக்கணத்தைவிட அத்தூக்கமே அவருக்கு உயிர்காப்பு என்பது நம் கட்சி.) வண்டி சேற்றில் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டோம்.

"பின் சக்கரத்துல கட்டையக் கட்டி முறுக்கினா ஏறிடும் ஐயா."

அஞ்சத்தக்கது அதுவே. பின் சக்கரம் சுழல வழியின்றி நிற்கையில், எஞ்சினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்பக்கம் எழுந்து ஓட்டுநர் மீது கவிழ ஏறத்தாழ ஒன்றரை நொடி போதும். இரவெல்லாம் உறங்காத கால் கிளட்சைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பின்னோக்கி எடுத்துப் பார்க்கலாம், சேற்றை வெட்டலாம், வேறு வண்டியை அழைக்கலாம். களைத்தவரிடம் முதலில் தீர்ந்துபோவது அந்தப் பொறுமைதான்.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதை ஒக்கும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். குடித்தவரை வண்டியில் ஏற்றத் தயங்கும் ஊர், தூங்காதவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடுகிறது.

ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்ச்சியைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நம் மாணவரின் தலைக்கு மேல் இருப்பது வெயிலுக்கான தகரக் கூரை. அதில் ஒலிபெருக்கி இரண்டு கட்டியிருக்கிறார்கள், தூக்கம் வராதிருக்க.